ஈடு

மூவாயிரம் ரூபாய்க்கு ஈடாக
இமானுவேல் விட்டுப்போன கிதார்
ஆடி முழுக்கப் பீரோ மேல்
உறையோடு படுத்துக் கிடந்தது.
நானும் ஏறக்குறைய அப்படித்தான்.
சீசன் முடிந்ததும் மாம்பழக்கூழ் ஃபேக்டரி
டிரம்களோடு எங்களையும்
கழுவிக் கவிழ்த்துவிடும்.

அறுபது நாள் கிளிமூக்கு மாங்காயின் பால் பட்டு
விரல் நுனியில் தோல் நிற்கவில்லை.
கம்பி பிடிக்க நுனி காய்க்க வேண்டும் என்றது
யூடியூபில் ஒரு தாடி.
காய்க்கட்டும்,
காவேரிப்பட்டணத்தில் காய்ப்பதற்கு என்ன குறை.

முனிரத்தினம்
கிரானைட் லாரிகளுக்கு ராத்திரியெல்லாம் எடை போட்டுவிட்டு
பகலில் தூங்குகிறவர்.
அதனால் சத்தத்தை அணைத்து
தாடியின் விரல்களை மட்டும் பார்த்தேன்.
ஆறாம் கம்பி இமானுவேல் விட்ட இடத்திலேயே நின்றது.
அதில் ஐந்தாம் கட்டத்தை அழுத்தி அடுத்த கம்பியை,
அதில் அழுத்தி அதற்கடுத்ததை
முறுக்கிக்கொண்டே வந்தேன்.
ஒரே ஒரு இடத்தில் மட்டும் நான்காம் கட்டம்.
ஏன் என்று தாடி சொல்லியிருப்பார்.
சத்தம் இல்லை.

கார்டு என்றால் அதுவரை ரேஷன் கார்டு.
இப்போது ஜி, டி, ஈ மைனர், சி.
படகில் ஒருத்தி துடுப்பை விட்டுவிட்டுப் பாடும்
கறுப்பு வெள்ளைப் பாட்டு,
மண்டபத்தில் இரண்டாம் பந்திக்குச் சாம்பார் வரும்போது போடுவது,
பிணவண்டியில் ஸ்பீக்கர் கட்டிப் போடுவது,
எல்லாம் இந்த நாலுக்குள்.
முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது.
இத்தனை வருஷம் அழுதது
இந்த நாலுக்கா.

பிறகு எஃப்.
ஆட்காட்டி விரலைப் படுக்கப் போட்டு
ஆறு கம்பியையும் ஒருசேர அமுக்க வேண்டும்.
ஆறு பிள்ளைகளுக்கு ஒரே போர்வை.
யாராவது ஒருத்தனின் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.
புரட்டாசி அதிலேயே போனது.
ஐப்பசியில் ஒரு காலை
ஆறும் ஒலித்தன.
பால் பொங்கி அடுப்பு அணைந்திருந்தது.

என்ன பாட்டு, சொல்லுங்க என்பேன்.
பதினாறு சக்கர லாரியை
தூரத்தில் பார்த்தே டன் சொல்கிற மனுஷன்
கண்ணை மூடிக் கேட்டுவிட்டு
நான் வாசிக்காத ஒன்றைச் சொல்வார்.
அதைப் பாடிப் பார்த்தால்
அதுவும் பொருந்தித் தொலைக்கும்.

எதிர்வீட்டு ரேடியோவோடு மட்டும்
ஒருநாளும் பொருந்தவில்லை.
படகுப் பாட்டு அங்கே போகிறது,
இங்கே நான் ஒரு நூல் கீழே.
விரலைத் திட்டினேன்.
நகத்தை ஒட்ட வெட்டினேன்.
ரேடியோ பழசு என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன்.

தையில் இமானுவேல் வந்தான்.
பர்கூரில் ஷூ கம்பெனியில் வேலையாம்.
கையில் மூவாயிரம்,
ஐந்நூறு ஐந்நூறாக.
கிதாரை வாங்கி ஒரு தடவை இழுத்தான்.
"இது அரை சுருதி இறக்கி வச்சதுக்கா.
எங்க சர்ச்சுல பாஸ்டரம்மாவுக்கு
மேல எட்டாது."
பேசிக்கொண்டே ஆறு ஆணியையும்
முறுக்கி ஏற்றிக் கொடுத்தான்.

எதிர்வீட்டில் அந்நேரம் வேறு பாட்டுதான்.
வாசித்தேன். ஒட்டிக்கொண்டது.
கூடவே பாடினேன்.
மேலே போகிற இடத்தில்
கழுத்து நரம்பு புடைத்து
குரல் கிழிந்தது.
கம்பியும் வேறு ஆளைப் போல
விரலை வெட்டியது.

"வட்டி?" என்றேன்.
இமானுவேல் சிரித்தான்.
நான் சிரிக்கவில்லை.
பணத்தைப் பார்த்தான், கிதாரைப் பார்த்தான்,
என் இடது கையின் நுனிகளைக் கொஞ்சநேரம் பார்த்தான்.
நோட்டுகளை மடித்து
பாக்கெட்டில் வைத்துக்கொண்டான்.
டீ குடித்துவிட்டுத்தான் போனான்.

கேட் சாத்தும் சத்தம் வரும்வரை இருந்து
ஆறாம் ஆணியை மெல்ல இளக்கினேன்,
நான் பார்த்தேயிராத ஒரு பாஸ்டரம்மாவின்
தொண்டை அளவுக்கு.
ஒரு தட்டு. இன்னும் கொஞ்சம்.
மறுபடி ஒரு தட்டு.

உள்ளே போர்வைக்குள்ளிருந்து
முனிரத்தினம்
ஒரு பாட்டின் பெயரைச் சொன்னார்.
நான் இன்னும் ஆரம்பிக்கவேயில்லை.